கப்பலேறுமுன் ஒரு காதுச் சோதனை

"செவிடன் காதில் ஊதிய சங்கு" என்று பழமொழி சொல்வார்கள். அந்தமானில் பாம்பூஃப்ளாட் துறையில் நிற்பவர்களுக்கு அது வெறும் பழமொழியாகப் படாது. எதிர்க்கரையில் உள்ள சாத்தம் துறைக்குப் புறப்படும் படகு சங்கு ஊதுகிறது. கூட்டம் நகர்கிறது. இரண்டொருவர் மட்டும் கடலைப் பார்த்தபடி நிற்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் தோளைத் தொட்டுச் சொன்ன பிறகுதான் ஓடிப்போய் ஏறுகிறார்கள். அவர்கள் எல்லோரும் முதியவர்கள் என்று நினைத்தால் தவறு. நாற்பது வயதைத் தாண்டாதவர்களும் அவர்களில் உண்டு.

தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் இத்தீவுகளில் செய்யாத வேலை இல்லை. மரம் அறுத்தார்கள்; சாலைக்குக் கல் உடைத்தார்கள்; படகுகளில் இன்ஜின் ஓட்டினார்கள்; பட்டறைகளில் இரும்பு தட்டினார்கள். சாத்தம் மர அறுவை ஆலை 1883இல் தொடங்கியது. தீவுகளின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் டீசல் ஜெனரேட்டர்களிலிருந்தே வருகிறது. பாம்பூஃப்ளாட்டிலேயே 2003இல் 20 மெகாவாட் டீசல் மின்நிலையம் ஒன்று ஏற்பட்டது. ரம்பமும் இன்ஜினும் சம்மட்டியும் சோறு போட்டன. அதற்கு விலையாக அவை காதைக் கேட்டன என்பது பலருக்குப் பிற்பாடுதான் தெரிகிறது.

காது மந்தமானவர் வீட்டில் பேச்சு ஒரே மாதிரி நடக்கும். "ஊருக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டால் சரியாகிவிடும்" என்பார்கள். சேமநிதியில் முன்பணம் எடுப்பார்கள். சீட்டைத் தள்ளி எடுப்பார்கள். மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். சென்னைக்குக் கப்பலில் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். மூன்று நாள் பயணம். அங்கே நிபுணர் காதைப் பார்த்து, சோதனை செய்து, "இதற்கு ஆபரேஷன் கிடையாது, கருவி வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். போன பணம் போனதுதான்.

இதற்கு நேர்மாறான இன்னொரு வீடும் இருக்கிறது. சிறுவயதிலிருந்தே காதில் சீழ் வடிகிறது. அவ்வப்போது எண்ணெய் காய்ச்சி ஊற்றுகிறார்கள், பஞ்சை அடைக்கிறார்கள். "அது எனக்குப் பிறவியிலேயே உள்ளது" என்று அவரும் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறார். ஆபரேஷனால் சரிசெய்யக்கூடிய காது அவருடையதுதான்.

ஆக, கப்பலேற வேண்டியவர் ஏறுவதில்லை. ஏற வேண்டாதவர் கடன் வாங்கிக்கொண்டு ஏறுகிறார். இந்த முறைகேட்டைத் தீர்க்கப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. எந்தக் காது கத்திக்கு இணங்கும், எது இணங்காது என்பதை ஊரிலேயே முதலில் பிரித்தறிந்துவிட்டால் போதும்.

வீட்டைப் போன்றது காது

காதை மூன்று கட்டு வீட்டுக்கு ஒப்பிடலாம். வெளிக்காது தெருநடை. நடுக்காது கூடம். உட்காது இருட்டான உள்ளறை.

தெருநடையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அதன் முடிவில் மெல்லிய சவ்வொன்று கதவுபோல் மூடியிருக்கிறது. அதுவே செவிப்பறை. ஒலி வந்து மோதியதும் அது தோல் மேளம்போல அதிர்கிறது. அதற்கு அப்பால் கூடத்தில் மூன்று சிறிய எலும்புகள் சங்கிலியாகக் கோத்திருக்கின்றன. உருவத்தை வைத்து அவற்றைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்பார்கள். அங்கவடி எலும்பு மூன்று மில்லிமீட்டர் உயரந்தான். மனித உடலில் இதைவிடச் சிறிய எலும்பு இல்லை. அதன் அடித்தட்டு உள்ளறையின் சன்னலில் பொருந்தியிருக்கிறது.

உள்ளறையில் இருப்பது காற்றன்று, நீர். கடலில் மூழ்கியிருப்பவனுக்குக் கரையில் நிற்பவன் கூப்பிடுவது கேட்காது என்பதைத் தீவுவாசிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. காற்றில் வரும் ஒலி நீரில் பட்டால் பெரும்பகுதி திரும்பிவிடும். அதனால்தான் இயற்கை இந்தக் கூடத்தைக் கட்டியிருக்கிறது. செவிப்பறையின் பரப்பு அங்கவடியின் அடித்தட்டைப்போல் சுமார் 17 மடங்கு. பெரிய பரப்பில் வாங்கிய அழுத்தம் சிறிய பரப்பில் குவிகிறது. எலும்புகளின் நெம்புகோல் பலமும் சேர, ஒலியின் அழுத்தம் இருபது மடங்குக்கு மேல் பெருகி உள்ளே போகிறது.

உள்ளறையில் நத்தை ஓடுபோல் இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுருண்ட குழாய் ஒன்று உண்டு. அதற்குள் நுண்ணிய மயிரிழைகளைத் தலையில் தாங்கிய உயிரணுக்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 என்ற கணக்கில் வரிசையாக நிற்கின்றன. நீர் அசைய, வயலில் காற்றடித்த பயிர்போல் அவை அசைகின்றன. அந்த அசைவு மின் துடிப்பாக மாறிச் செவி நரம்பின் வழியே மூளைக்குப் போகிறது. பேச்சு, பாட்டு, குழந்தையின் அழுகை, படகின் சங்கு எல்லாம் இந்த வழியாகத்தான் போயாக வேண்டும்.

ஆபரேஷன் எதற்கு?

தெருநடையிலும் கூடத்திலும் ஏற்படும் பழுதுகளை இன்றைய மருத்துவர்கள் பெரும்பாலும் சரிசெய்துவிடுகிறார்கள்.

அழுக்கு அடைத்திருந்தால் எடுத்துவிட்டால் போதும். சீழ் வடிந்து செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தால், முதலில் சொட்டு மருந்தால் காதை உலர்த்துவார்கள். பிறகு காதுக்கு மேலுள்ள தசையை மூடியிருக்கும் மெல்லிய உறையில் ஒரு துண்டை எடுத்து, ஓட்டைக்கு ஒட்டுப் போடுவார்கள். 1950களில் ஜெர்மனியில் வுல்ஸ்டைன், ஸோல்னர் என்ற இரு மருத்துவர்கள் இம்முறையை வகுத்தார்கள். இன்று இது இந்தியாவில் பரவலாகச் செய்யப்படும் காது ஆபரேஷன்களில் ஒன்று. பெரும்பாலோருக்கு ஓட்டை மூடிவிடுகிறது. கேட்கும் திறனும் கூடுகிறது.

சிலருக்கு, குறிப்பாக இளவயதுப் பெண்களுக்கு, செவிப்பறை நன்றாகவே இருக்கும். ஆனால் அங்கவடி எலும்பு சன்னலோடு இறுகி அசையாமல் போய்விடும். 1956இல் அமெரிக்காவில் மெம்பிஸ் நகரில் ஜான் ஷே என்பவர் இறுகிய எலும்பை எடுத்துவிட்டு, டெஃப்லானில் செய்த செயற்கை எலும்பை அங்கே வைத்தார். அதன் பிறகு இந்நோய் கண்டவர்களின் உலகமே மாறிற்று. வேலை நல்ல நிபுணர் கையில் நடந்தால் பலன் மிக நன்று. ஆனாலும் நூற்றில் ஓரிருவருக்கு அந்தக் காது முழுவதும் கேளாமல் போகும் அபாயம் உண்டு. அதனால்தான் இரண்டில் மோசமான காதை முதலில் எடுத்துக்கொள்வார்கள். இதை ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை.

சீழிலும் ஒரு வகை பொல்லாதது. நாற்றமடிக்கும் சீழ் கொஞ்சமாக விடாமல் வருமானால் உள்ளே எலும்பை அரிக்கும் நோய் வளர்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் கோணுதல், கடும் தலைவலி ஆகியவை சேர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அது மூளை வரை போகக்கூடியது. அங்கே ஆபரேஷன் உயிரைக் காக்கத்தான். கேட்பது இரண்டாம் பட்சம்.

கத்தி எட்டாத இடம்

ஆலையிலும் இன்ஜின் அறையிலும் போன காது வேறு வகையைச் சேர்ந்தது. அங்கே செவிப்பறையில் ஓட்டை இல்லை. எலும்புகளும் ஒழுங்காகவே அசைகின்றன. அழிந்தது உள்ளறையின் பயிர். யானை மிதித்த வயலை மறுபடி உழுது நடலாம். காதில் நட்ட பயிர் ஒரு முறை நட்டதுதான். மனிதனுக்கு அந்த உயிரணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. அவற்றை முளைக்க வைக்கும் ஆபரேஷன் எந்த ஊரிலும் இல்லை.

இது புதிதாகக் கண்ட உண்மையன்று. 1886இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற மருத்துவர், கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறு பேரின் காதுகளைச் சோதித்தார். ஒருவருக்குக்கூட இயல்பான செவித்திறன் இல்லை என்று கண்டார். இரும்பின் மேல் இரும்பு விழும் இடமெல்லாம் கதை இதுவே.

எட்டு மணி நேர வேலையில் 85 டெசிபல் வரை காது தாங்கும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் தாங்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டு மணி நேரம், 100 என்றால் கால் மணி நேரம். அளக்கக் கருவி இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் காதுக்கு ஆகாத இடம்.

இந்தக் கேடு ஓசையின்றி வருவதால்தான் ஏமாந்துபோகிறார்கள். வலியில்லை, சீழில்லை. வேலை விட்டு வரும்போது காதில் "கீ" என்று ஒரு ரீங்காரம், காலையில் போய்விடும். சில ஆண்டுகளில் அது போகாமல் தங்கிவிடும். முதலில் மறைவது கீச்சுக் குரல்கள். மேஸ்திரி பேசுவது கேட்கும். மகள் பேசுவது கேட்காது. "காதில் விழுகிறது, வார்த்தைதான் புரியவில்லை" என்று அவர் சொல்வார். "வேண்டியது மட்டும் கேட்கும்" என்று வீட்டார் ஏசுவார்கள். இருவர் பேரிலும் குற்றமில்லை. உள்ளறையில் முதலில் சாகும் உயிரணுக்கள் உயர்ந்த சுருதிக்கானவை. மெய்யெழுத்துகளில் பலவற்றை அவைதான் பிரித்துக் காட்டுகின்றன.

இவர்களுக்கு வழி காதுக் கருவி. "காக்லியர்" எனப்படும் மின் கருவியை உள்ளே பதிக்கும் ஆபரேஷன் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் வில்லியம் ஹவுஸ் 1961இல் தொடங்கி வைத்து, ஆஸ்திரேலியாவில் கிரேயம் கிளார்க் 1978இல் பல முனைகளோடு பதித்துக் காட்டிய முறை அது. கருவியால் பயன் பெற முடியாத அளவு கேட்கும் திறனை இழந்தவர்களுக்கும், பிறவியிலேயே கேளாத குழந்தைகளுக்கும் அது பெரிய வரம். ஓரளவு மந்தமான தொழிலாளிக்கு உரியதன்று. குழந்தைக்கு ஐந்து வயதுக்குள், முடிந்தால் இன்னும் முன்னதாகவே செய்தால்தான் பேச்சு வரும். ஆகவே ஒரு வயதுக் குழந்தை கைதட்டலுக்குத் திரும்பிப் பார்க்காவிட்டால், "அப்பன் நேரங்கழித்துத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டுக் காத்திருக்கக் கூடாது. மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் மணந்தவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

ஓர் இசைக்கவையின் வேலை

எந்தக் காது எவ்வகை என்று கண்டுபிடிப்பது எப்படி? பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியர் மேசையில் தட்டிக் காட்டிய இசைக்கவை போதும். 1855இல் ரின்னே என்ற ஜெர்மன் மருத்துவர் சொன்ன முறை இன்றும் நடைமுறையில் உள்ளது. கவையைத் தட்டி அதன் காம்பைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் வைப்பார்கள். ஒலி நின்றுவிட்டது என்று நோயாளி சொன்னதும் காதுக்கு முன்னால் பிடிப்பார்கள். நல்ல காதுக்கு மறுபடி கேட்கும். கூடத்தில் பழுதுள்ள காதுக்கு எலும்பு வழிதான் நன்றாகக் கேட்கும். முன்னால் பிடித்தால் கேட்காது. உள்ளறை பழுதான காதுக்கு இரண்டுமே குறையும். ஆயினும் முன்னால் பிடிப்பதே மேலாகக் கேட்கும்.

இரண்டு நிமிட வேலை. இது தீர்ப்பன்று, வழிகாட்டி. தீர்ப்புச் சொல்ல ஆடியோமீட்டர் என்ற கருவியில் வரைபடம் எடுக்க வேண்டும். ஆனால் யாரைக் கப்பலேற்றுவது, யாருக்குக் கருவி தருவது, யாரை இரைச்சலிலிருந்து உடனே விலக்குவது என்று முதலில் பிரிக்க இது போதுமானது.

காது கேளாமைத் தடுப்புக்கென மத்திய அரசு 2007 முதல் ஒரு தேசியத் திட்டம் நடத்துகிறது. நாட்டில் சுமார் 6 கோடியே 30 இலட்சம் பேருக்குக் குறிப்பிடத்தக்க செவிக் குறைபாடு உண்டு என்ற உலக நலவாழ்வு அமைப்பின் மதிப்பீடு அதற்கு அடிப்படை. பாம்பூஃப்ளாட்டில் சமுதாய நல மையம் இருக்கிறது. எதிர்க்கரையில் போர்ட் பிளேரில், 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட நகரில், கோவிந்த வல்லப பந்த் ஆஸ்பத்திரியும் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. இவற்றை வைத்தே காரியம் தொடங்கலாம். நல மையத்தில் வாரம் ஒரு நாள் காதுக்கென்று ஒதுக்கப்பட வேண்டும். படகு கிடைக்கும் நேரத்தைப் பார்த்து, வேலை முடிந்த மாலையில் அது நடக்க வேண்டும். பகலில் வரச் சொன்னால் தினக்கூலிக்காரர் வரமாட்டார்.

பணத்துக்கும் வழி இல்லாமலில்லை. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்ச ரூபாய் வரை சிகிச்சை உண்டு. செவிப்பறை ஒட்டும், அங்கவடி ஆபரேஷனும் அதன் பட்டியலில் உள்ளவை. ஏழைகளுக்குக் காதுக் கருவி தரும் மத்திய அரசுத் திட்டம் 1981 முதல் நடக்கிறது. குழந்தைகளின் காக்லியர் ஆபரேஷனும் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. சங்கிலியை அடகு வைக்குமுன் இவற்றை விசாரிக்க வேண்டும். தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடும் ஊக்கத்தில் ஒரு பங்கை மனு எழுதிக் கொடுப்பதில் காட்டினால் பெரும் புண்ணியம்.

பயணத்திலும் கவனம் வேண்டும். காதில் ஆபரேஷன் செய்துகொண்டவர் சில வாரங்களுக்கு விமானத்தில் ஏறக் கூடாது என்பார்கள். காற்றழுத்த மாற்றம் புதிய ஒட்டைப் பிய்த்துவிடலாம். சென்னையில் ஆபரேஷன் முடிந்து, ஊர் திரும்பும் அவசரத்தில் இரண்டு மணி நேர விமானத்தைப் பிடிப்பவர்கள் மருத்துவரின் அனுமதியைக் கேட்ட பிறகே டிக்கெட் எடுக்க வேண்டும். அதேபோல், ஓரிரவில் ஒரு காது திடீரெனச் செவிடானால் சளி என்று விட்டுவிடக் கூடாது. சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் மீள வாய்ப்புண்டு.

அச்சத்தைப் போக்க வேண்டும்

இவ்வளவு சொன்ன பிறகும் தொழிலாளி சோதனைக்கு வரத் தயங்குவார். அதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. "காது மந்தம் என்று தாளில் எழுதிவிட்டால் நாளைக்கு வேலை இருக்குமா?" என்ற கேள்வி அவர் நெஞ்சில் இருக்கிறது. நியாயமான அச்சந்தான். கேட்காததை மறைத்துக்கொண்டு, வாயசைவைப் பார்த்துத் தலையாட்டிக் காலந்தள்ளுகிறார். பின்னால் வரும் வண்டியின் ஒலி கேளாமல் போனால் அந்த மறைப்பே உயிருக்கு உலை வைக்கும்.

சட்டம் அவர் பக்கம் இருப்பதை அவருக்குச் சொல்ல வேண்டும். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு தொழில்நோய் என்று 1987இலேயே தொழிற்சாலைச் சட்டத்தின் பட்டியலில் ஏறிவிட்டது. 1923ஆம் ஆண்டின் நட்ட ஈட்டுச் சட்டத்திலும் அது தொழில்நோயாக இடம்பெற்றது. 2025 நவம்பரில் அச்சட்டங்களின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்தன. அவற்றிலும் அப்பட்டியல்கள் தொடர்கின்றன. ஆனால் சட்டத்துக்குச் சாட்சி வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்று காது எப்படி இருந்தது என்ற தாள் இல்லாவிட்டால், "இது வயதினால் வந்தது" என்று முதலாளி கைவிரிப்பது எளிது. சேரும்போது ஒரு வரைபடம், ஆண்டுக்கு ஒரு வரைபடம், அதன் நகல் தொழிலாளி கையில் என்பதை நிர்வாகங்கள் ஏற்க வேண்டும். தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டும். சோதனை வேலைநீக்கத்துக்குக் கருவியாகக் கூடாது. காது குறையத் தொடங்கியவருக்கு ஊதியம் குறையாமல் அமைதியான இடத்தில் வேலை மாற்றித் தருவதே முறை.

காதடைப்பான் கொடுத்தாலும் போட்டுக்கொள்வதில்லை என்று மேலாளர்கள் குறை சொல்வதுண்டு. வியர்வையில் நழுவுகிறது, அரிக்கிறது, இன்ஜினின் தாளம் தப்புவது தெரியாமல் போகிறது என்று தொழிலாளரும் சொல்கிறார்கள். இரு தரப்பிலும் உண்மை உண்டு. பொருத்தமானதைக் கொடுத்து, போடும் விதத்தைக் கற்றுக்கொடுத்து, மேஸ்திரியே முதலில் போட்டுக் காட்டினால் பழக்கம் வரும். அதற்கும் முன்னதாக, இயந்திரத்துக்கு நல்ல புகைப்போக்கியும் ஒலி மறைக்கும் கூண்டும் போட்டு இரைச்சலைப் பிறக்கும் இடத்திலேயே அடக்குவது நிர்வாகத்தின் கடமை. எல்லாப் பொறுப்பையும் ஒரு துண்டு ரப்பரின் மேல் போடுவது நியாயமாகாது.

வீட்டாரும் செய்ய வேண்டியது உண்டு. காதில் எண்ணெயும் பச்சிலைச் சாறும் ஊற்றுவதை நிறுத்த வேண்டும். தீக்குச்சி, கொண்டை ஊசி, பஞ்சுக் குச்சி எதுவும் காதுக்குள் போகக் கூடாது. செவிப்பறை ஓட்டையுள்ளவர் கடலிலும் குளத்திலும் தலைமுழுகக் கூடாது. எல்லாவற்றிலும் மேலாக, காது மந்தமானவரைக் கேலி செய்வதை விட வேண்டும். எதிரே போய் முகத்தைக் காட்டி, நிதானமாகப் பேசினால் பாதிக் குறை தீரும். கண்ணாடி போடுபவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை; காதுக் கருவிக்கு மட்டும் ஏன் வெட்கம்?

வள்ளுவர் "கேள்வி" என்றே ஓர் அதிகாரம் பாடிச் செவிக்குச் சிறப்புச் செய்தார். ஊரைவிட்டு, கடலைத் தாண்டி வந்தவர்களுக்குச் செவி இன்னும் பெரிது. ஊரிலிருந்து வரும் தாயின் குரல் அவர்களுக்குத் தொலைபேசியில், காது வழியேதான் வருகிறது. அந்தக் குரலைக் கேட்கும் காதைச் சம்பளத்தோடு சேர்த்துக் கழித்துக்கொள்ள எந்த இயந்திரத்துக்கும் உரிமையில்லை.

பாம்பூஃப்ளாட் துறையில் படகு நாளைக்கும் சங்கு ஊதும். அது கேட்காதவர் தோளைத் தட்டிப் படகில் ஏற்றிவிடும் நல்ல மனம் பக்கத்தில் நிற்பவர்களுக்கு இருக்கிறது. அடுத்த முறை அப்படி ஒருவரைத் தட்டுபவர், "ஒரு நாள் நல மையத்துக்கு வாருங்கள், நானும் கூட வருகிறேன்" என்று சேர்த்துச் சொல்லட்டும்.